பழைய விமானமும் அறுபது எஞ்சினும்

மகன், உனக்குச் சலாம். வேலைக்குப் போகிற அவசரத்தில் இதை வாசிக்காதே. அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வாசி. உன் வாப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. நாற்பது வருசம் வோட்டர் பம்பும் உழவு ரெக்டரும் திருத்தியவன்; பேனையைப் பிடித்தால் தாளெல்லாம் கிரீஸ். ஆனாலும் இந்த விசயத்தைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் குரலைக் கேட்டதும் சாப்பாடு எப்படி, கட்டாரில் வெயில் எப்படி என்று கதையை மாற்றிவிடுவேன். பத்து வருசமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நீ மட்டும் வாசிக்கப் போவதில்லை. நிந்தவூரில் போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் வாசிப்பார்கள். நானே படம் பிடித்து ஊர் வட்சப் குழுவில் போடப்போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

போன செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய வொயிஸ் மெசேஜ்தான் என்னை இந்த மேசையில் உட்காரவைத்தது. "வாப்பா, இஞ்ச ஒரு கடையில அறுபது எஞ்சின் ஒண்டு கிடந்திச்சி. பெட்டி உடைக்காத சாமான். எடுத்துட்டன். நம்மட அந்தப் பழைய பிளேனத் திரும்பச் செய்வம். இந்த முறை நீங்கதான் பிடிக்கணும். என்ட கையில மட்டும் தந்திராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். போன லீவில் நீ வந்தபோது தங்கச்சி தன் பிள்ளையை உன்னிடம் நீட்டினாள், ஞாபகமிருக்கிறதா? நாற்பது நாள் பிள்ளை. நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம், நான் விழுத்திப் போடுவன்" என்றாய். எல்லாரும் பகிடி என்று நினைத்தார்கள். நீ திரும்பிப் போகும்வரை அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று சம்பந்தம் வந்தது, மூன்றையும் தட்டிவிட்டாய். "என்ன நம்பி ஒரு பொம்புளப் புள்ளயத் தர வேணாம் உம்மா" என்று நீ சொன்னதை அவள் என்னிடம் சொல்லி அழுதாள். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை தன் கையைத் தானே நம்பாமல் திரிகிறான் என்றால் அதற்கு ஒருவன் காரணமாக இருக்கவேண்டும். அது நான்.

முதலில் எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். அதில் நீ பிழை விட்டால் இன்னொரு ஆள் அடிபடும். அந்த அறுபதைப் பழைய விமானத்தில் பூட்டாதே. பூட்டுகிறேன் என்று நினைக்கவும் செய்யாதே. இதை உனக்குப் பத்து வருசத்துக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாததால்தானே அறுபதுதான் நல்லது, கெட்டது உன் கைதான் என்று நம்பி, ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாய்.

ஊரார் வாசிப்பதால் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும், நீ பொறுத்துக்கொள். இது ரிமோட்டில் பறக்கிற சாமான் இல்லை. பாரமில்லாத மரத்தாலும் பட்டுக் கடதாசியாலும் செய்த, நாலரை அடிச் சிறகுள்ள விமானம். மூக்கில் உள்ளங்கைக்குள் அடங்குகிற எஞ்சின், அதன் முன்னால் சுற்றுகிற விசிறி. சிறகிலிருந்து அறுபதடி நீளத்துக்கு இரண்டு மெல்லிய உருக்குக் கம்பி வந்து, நடுவில் நிற்கிறவனின் கைப்பிடியில் கட்டியிருக்கும். கைப்பிடியைச் சரித்தால் விமானம் ஏறும், இறங்கும், குத்துக்கரணம் போடும். பிடித்திருப்பவன் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சவூதியில், தம்மாமில் நான் இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், வயசாளி, வெள்ளிக்கிழமைகளில் பறக்கவிடுவார். அவருக்கு எஞ்சின் துடைத்துக் கொடுத்துப் பழகியதுதான் எல்லாம். ஊருக்குத் திரும்பும்போது வரைபடம் ஒன்றும் முப்பத்தைந்து எஞ்சின் ஒன்றும் கொண்டுவந்தேன். முப்பத்தைந்து, அறுபது என்பதெல்லாம் சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் என்பதன் அளவு. அந்த வரைபடம் முப்பத்தைந்துக்கென்றே வரைந்தது. அந்தக் காலத்து விமானங்கள் எல்லாமே அப்படித்தான்: எஞ்சின் இவ்வளவுதான் தரும் என்று தெரிந்து, அதற்கேற்றபடி பாரத்தைக் குறைத்துக் குறைத்துச் செய்தவை. நேராகப் பறக்கும்போது எஞ்சின் எண்ணெயை அதிகமாகக் குடித்துச் சோம்பலாக விட்டுவிட்டு வெடிக்கும். மூக்கு மேலே திரும்பினால் தானாகக் குரல் இறுகி இழுக்கும். உச்சி கடந்ததும் திரும்பவும் சோம்பும். அந்தக் குரல் மாறுவதை நீதான் முதலில் கண்டுபிடித்தாய். "வாப்பா, அதுக்குத் தெரியிது எப்ப தம் பிடிக்கணும் எண்டு" என்றாய்.

அந்த மூக்கில் அறுபதைப் பூட்டினால் என்ன நடக்கும்? எஞ்சினே ஏறக்குறைய இருமடங்கு பாரம். மூக்குக் கவிழும், கவிழாமல் இருக்க வாலில் ஈயம் வைப்பாய், மொத்தப் பாரம் இன்னும் கூடும். சிறகு பழைய சிறகுதான், கூடின பாரத்தைத் தூக்கிச் சட்டென்று திருப்ப அதற்கு ஏலாது. ஏலாததை வேகத்தால் சமாளிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒரு சுற்று ஐந்து விநாடிக்கு மேல் எடுத்த விமானம் நாலே கால் விநாடியில் சுற்றும். கையில் மூன்று கிலோவாக இருந்த இழுவை ஆறு கிலோவுக்குக் கிட்டப் போகும், குத்துக்கரணத்தின் அடியில் இன்னும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகிற கணக்கு அது, பம்பு பெல்ட் போடுகிறவனுக்குக்கூட விளங்கும். அறுபதைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் பெரிய சிறகுள்ள வேறு விமானம் செய். முறுக்குக் குறைந்த பெரிய விசிறி, தடித்த கம்பி. வேகமாக ஓடுவதற்கென்று பெரிய எஞ்சினைப் பூட்டுகிறவன் விசரன். காற்றில் தொய்யாமல் ஒரே சீராக இழுப்பதற்குத்தான் அது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்துவிடக்கூடாது. அந்த வருசம் கச்சான் காற்று பேய்க்காற்று. முப்பத்தைந்தைக் கொண்டு ஏற்றினால் உச்சியில் விமானம் தொய்ந்து, கம்பி தளர்ந்து, என்மேலேயே விழப்பார்க்கும். காற்று விழுகிற நாளுக்குக் காத்திருப்பதுதான் முறை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் காற்றைப் பார்த்தா வரும்? பெருநாளைக்குக் கடற்கரையில் பறக்கவிடுவோம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பத்து நாளைக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு பழைய அறுபதை எடுப்பித்தேன். தடித்த கம்பிக்கும் சொல்லியிருந்தேன். எஞ்சின் வந்தது, கம்பி வரவில்லை. வராவிட்டால் என்ன, பழைய கம்பி இருக்கிறதே என்றேன். அந்தப் பழைய கம்பி எது தெரியுமா? நான்கு வருசம் கடல் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் நுனிகளை நான் செப்புக் கம்பி சுற்றிக் கட்டவில்லை. வெள்ளைக்காரர் அப்படித்தான் கட்டச் சொல்லித் தந்தார், ஒருநாளும் அசிட் தொடக்கூடாது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் கடையில் றேடியேட்டர் ஒட்டுகிற அசிட்டைத் தடவி, ஈயம் வைத்து ஒட்டினேன். ஐந்து நிமிச வேலை. றேடியேட்டர் ஒட்டுகிறவனுக்கு ஒட்டினால் போதும் என்ற திமிர். அசிட்டும் உப்புக் காற்றும் சேர்ந்து ஈயத்துக்கு உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பறக்கவிடுவதற்கு முன் நெல் மூடை நிறுக்கிற தூக்குத் தராசைக் கொழுவி, விமானத்தின் பாரத்தைப் போலப் பத்து மடங்கு இழுத்துப் பார்ப்போமே, அது. ஒவ்வொரு முறையும் செய்தோம். அன்றைக்கு மட்டும் செய்யவில்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால் தராசோடு நின்றால் மெக்கானிக் தன் வேலையைத் தானே நம்பவில்லை என்று சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டேன். தராசு ஓட்டோவுக்குள்தான் கிடந்தது.

அஸர் தொழுதுவிட்டு ஊரே திரண்டு வந்தது. சுனாமியில் கடல் வந்து போன பிறகு வெறும் வெட்டையாகக் கிடந்த இடம்தானே. உன் மாமா, உம்மாவின் கூடப்பிறந்த நானா, புதுச் சாரன் உடுத்து முன்வரிசையில் வந்து நின்றார். எனக்காக வரவில்லை, உனக்காக வந்தார். அவருடைய மகள் ரிஸ்னாவை உனக்குத்தான் என்று வாயால் சொல்லி முடிந்திருந்தது. மருமகனாகப் போகிறவன் பறக்கவிடுகிறான் என்ற பெருமையில் ஒரு தென்னம் மட்டையைத் தூக்கிக்கொண்டு, "பின்னுக்கு நில்லுங்கடா, கயிறத் தாண்டினா முதுகு பிளக்கும்" என்று சின்னப் பிள்ளைகளைத் துரத்தினார். கைப்பிடியோடு நீ நடுவில் நின்றாய்; நான் எஞ்சினை உயிர்ப்பித்து விட்டேன். இரண்டு சுற்றிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன்: நாலே கால் விநாடி. நீ பின்னுக்குச் சாய்ந்து, மணலில் குதியை ஊன்றி ஊன்றிச் சுற்றினாய். என்னைப் பார்த்தாய். "என்ன செய்ய?" என்று உன் முகம் கேட்டது. எண்ணெய் முடியும்வரை நேராகவே ஓட்டு என்று நான் கையைத் தாழ்த்திக் காட்டியிருந்தால் ஒன்றும் நடந்திராது. சனம் கூக்காட்டியது. நான் கையைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினேன், போடு குத்துக்கரணம் என்று. முதலாவது போட்டாய். இரண்டாவது போட்டாய். மூன்றாவதின் அடியில் உன் கால் மணலில் புதைந்து முழங்காலில் விழுந்தாய். அதே நொடியில் விமானம் சனத்தின் பக்கம் போய்விட்டது. மாமா ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் நின்றார். விசிறி அவருடைய வலது தோளில் இறங்கியது.

எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நான் உன்னிடம் ஓடினேன். தகப்பன் அல்லவா என்று ஊர் அதையும் நல்லதாக எடுத்துக்கொண்டது. மகன், நான் ஓடியது உன்னிடம் இல்லை. கைப்பிடியிடம். அது உன் விரலுக்குக் கீழே மணலில் கிடந்தது. இரண்டு கம்பியும் கைப்பிடிக் கொக்கியிலிருந்து ஒரு விரல் தூரத்தில், நான் ஈயம் வைத்த இடத்தில், அறுந்திருந்தன. அறுந்த வாய் துருக் கறல் பிடித்து மண்ணிறமாக இருந்தது. நீ விடவில்லை. முழங்காலில் விழுந்தபோதும் நீ பிடித்துக்கொண்டுதான் இருந்தாய். கம்பி போன பிறகுதான் உன் கை திறந்தது. நான் அதை எடுத்துச் சாரன் மடிப்பில் செருகினேன். அதற்குள் பின்னால் யாரோ, "பொடியன் விட்டுட்டான்! கைய விட்டுட்டான்!" என்று கத்தினான். அந்தக் கத்தலை நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த பொய்யின் தொடக்கம். ஓட்டோவில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "வாப்பா, நான் விட்டுட்டனா? சொல்லுங்க, நானா விட்ட?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "கை வழுகியிருக்கும் மகன். நீ வேணுமெண்டா செய்தாய்?" என்றேன். என் ஆயுளில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அந்த ஆறுதல்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். பயம் மட்டும் என்றால் நான் இவ்வளவு வெட்கப்படமாட்டேன். கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு வயதுப் பொடியனை ஊர் இரண்டு மாதத்தில் மன்னித்துவிடும், மெக்கானிக்கை மன்னிக்காது, நாளைக்கு எவன் என்னிடம் பம்பு கொண்டுவருவான் என்று கணக்குப் போட்டேன். உன் மாமா என் சட்டையைப் பிடிப்பதைவிட உன்னை நாலு ஏசிவிட்டு விடட்டும் என்று நினைத்தேன். கணக்கு எப்படிப் பிழைத்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாமா மேசன். வலது கையில் நரம்பு போனவன் சாந்துக் கரண்டியை எப்படிப் பிடிப்பான்? நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே போகிறான். ரிஸ்னாவுக்கென்று அவரே கல்லடுக்கிக் கட்டிய வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. நீ குடிபோக வேண்டிய வீடு. பிறகு வேறு மேசன் முடித்தான், வேறு மாப்பிள்ளை வந்தான். இடது கையால் சாப்பிடமாட்டேன் என்று மாமா பிடிவாதம்; பத்து வருசமாக மாமி பிசைந்து ஊட்டுகிறாள். யாராவது விருந்தாளி இருந்தால் அவர் பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். நீ கட்டாருக்குப் போனாய். உன்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று, இப்போதாவது சொல்லடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. பஸ் போகும்வரை உன் பெட்டியில் பூட்டுச் சரியா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று முன்தினம் மாமாவின் வீட்டுக்குப் போனேன். அந்தக் கைப்பிடியைக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: அசிட், ஈயம், தராசு, கையைச் சுழற்றிக் காட்டியது, எல்லாம். மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா கைப்பிடியை இடது கையில் வாங்கி, கறல் பிடித்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மச்சான், கை போனது அல்லாஹ்ட எழுத்து. அத நான் அழுது முடிச்சிட்டன்" என்றார். "ஆனா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து நான் என்ன சொன்னன் எண்டு உனக்கு ஞாபகமா? அந்தப் பொடியன்ட கையும் இப்பிடியே விளங்காமப் போகட்டும் எண்டு அல்லாஹ்ட கேட்டன். அவன் கதவடியில நிண்டு கேட்டான். நீ என்ட தலமாட்டில நிண்டாய். கேட்டுக்கிட்டுத்தானே நிண்டாய்?"

"ஓம்" என்றேன்.

"ஒண்டும் செய்யாத புள்ளைக்கு என்ட வாயால கேடு கேக்க வெச்சிட்டாயே! நான் அநியாயம் செய்தவனாப் போனனே! இந்தக் கைய நான் மன்னிச்சிருவன். அத எப்பிடி மன்னிக்கிற? ஒழும்பு. ஊருக்கு முன்னால அவன்ட பேரக் கெடுத்தாய், ஊருக்கு முன்னால போய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு இஞ்சால வராத."

அதனால்தான் ஊரும் வாசிக்கிறது. உம்மாவிடம் அன்றிரவே சொன்னேன். அவளுடைய மகன், அவளுடைய நானா, இரண்டு பேருக்கும் நடுவில் பத்து வருசம் தவித்தவள். அவள் ஏசவில்லை. "இவ்வளவு நாளும் இந்த வீட்டுல நான் ஆரோட இருந்தன்?" என்று மட்டும் கேட்டாள். தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், போகிறாள். உனக்குப் புத்தி சொல்லும் உரிமையை இழந்தவன் நான், ஆனாலும் எஞ்சினைப் பற்றி மேலே எழுதியதை மட்டும் தள்ளிவிடாதே. அது பொய் கலக்காதது. நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் என் வசதிக்காகத்தான் இருக்கும். இனி என் போனை நீ எடுக்காவிட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

ஆனால் இன்று காலை மாமா ஆளனுப்பி உன் நம்பரைக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, உம்மாவிடம் கேட்டார். அவள்தான் எழுதிக் கொடுத்தாள். இடது கையால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித்தேடி அழுத்தி, ஊர் நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வரும். எடு மகன். எடுத்ததும் அவருக்குப் பேச்சு வராது, வைத்துவிடாதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அந்த மனிதர் எடுக்கிறார். அவர் வாய் திறக்கும் முன் நீ முந்தி "மாமா" என்று கூப்பிட்டுவிடு. நான் கேட்கவேண்டியதை அவரைக் கேட்கவிடாதே.

உன் வாப்பா